ஆச்சியின் குப்பைப் பை

2021 மே மாதக் கடைசியில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் கடலுக்கு மேலே கறுத்த புகை தெரியும். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. கொரோனாப் பயணக் கட்டுப்பாட்டில் வடகொழும்பில் எங்கள் மட்டக்குளியே கதவைச் சாத்தியிருந்த நாட்கள் அவை. காக்கைதீவுக் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆனால் போய்ப் பார்க்க முடியாது.

நான் இங்கே எட்டாம் ஆண்டிலிருந்து ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறேன். அப்போது வகுப்பெல்லாம் வட்ஸ்அப்பில்தான். கப்பல் எரிகிற நேரத்தில் இலக்கணம் நடத்த எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். கடலை நம்பிச் சீவிக்கிற யாராவது ஒருவருக்கு ஃபோன் எடுங்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதிலைக் குரல் பதிவாக எனக்கு அனுப்புங்கள். கேள்வி இதுதான்: "இன்றைக்குக் காலையில் என்ன செய்தீர்கள்?"

பதினொரு பதிவுகள் வந்தன. அதில் ஒன்று, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவுடையது. "காலையில எழும்பினேன், கூடையைக் கழுவினேன், கவுத்து வச்சேன். வேற என்னத்தச் செய்ய? கடலுக்குப் போக விட மாட்டாங்க. முந்தியே வாங்கி ஐஸ்ல வச்ச மீனைக் கொண்டுபோனாலும், 'இது அசிட் குடிச்ச மீனா'ன்னு கேக்குறாங்க." இன்னொரு பையனின் மாமா, வடக்கே சரக்குவ என்கிற கடற்கரை ஊர்ப் பக்கம் இருந்தார். "கரை முழுக்கச் சவ்வரிசி மூட்டையை அவுத்துக் கொட்டின மாதிரி இருக்குடா, மருமகன். கையால அள்ளினா விரலுக்கு இடையால ஓடுது" என்றார்.

அந்தச் சவ்வரிசி, பிளாஸ்டிக் பொருள் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போகிற மூலப்பொருள் மணிகள். கப்பலில் இருந்த 1,486 கொள்கலன்களில் ஏறக்குறைய 1,680 தொன் அப்படிப்பட்ட மணிகள் இருந்தன, 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. ஜூன் 2ஆம் திகதி கப்பலை ஆழ்கடலுக்கு இழுத்துப்போகப் பார்த்தார்கள். பின்பகுதி கடல்தரையில் தட்டி நின்றுவிட்டது. இவ்வளவு பிளாஸ்டிக் மணிகள் ஒரே இடத்தில் கடலில் கொட்டியதாக உலகில் வேறு பதிவு இல்லை. இதையெல்லாம் பிள்ளைகளுக்கு எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது ஒருவருக்கும் எண்கள் நினைவில்லை. கவிழ்த்து வைத்த கூடை எல்லாருக்கும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் அந்தக் கூடையில்தான் தொடங்கியது.

ஆனால் அதை நான் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. கட்டுப்பாடுகள் போன பிறகு, கடற்கரையைத் துப்புரவாக்கப் போவோம் என்றுதான் பிள்ளைகள் கேட்டார்கள், நானும் சரி என்றேன். 2022 செப்டெம்பர், உலகக் கடற்கரைத் துப்புரவு நாள் வருகிற மூன்றாம் சனிக்கிழமை. இருபத்திரண்டு பேர் போனோம். இரண்டு மணித்தியாலத்தில் நாற்பத்தொரு பை நிரப்பினோம். படம் எடுத்தோம். பைகளைப் பாதையோரம் அடுக்கினோம். வண்டி வந்து எடுக்கும் என்று நினைத்தோம்.

வண்டி வரவில்லை. டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் அது. பொறுப்பான அலுவலகத்துக்கு நான் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தோம். காகமும் நாயும் பைகளைக் கிழித்து, மழை மிச்சத்தை இழுத்து, பாதிக்குமேல் திரும்பக் கரைக்கே போயிருந்தது. எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று ஒன்றும் பேசாமல் அழுதது. இப்போது யார் என்னிடம் கடற்கரைத் துப்புரவுக்கு யோசனை கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "பையை யார் எடுக்கிறார்? அவருடைய பெயரும் ஃபோன் நம்பரும் கையில் இருக்கிறதா?" அது இல்லாவிட்டால் நாளைத் தள்ளிப் போடுங்கள்.

இன்னும் இரண்டு விடயங்களை அன்று நான் கவனிக்கவில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் ரப்பர் செருப்போடு வந்திருந்தார்கள். கால்வாய்த் தண்ணீரும் எலியும் இருக்கிற இடத்தில் காலில் சின்னக் கீறல் போதும், எலிக்காய்ச்சல் வர. அதன் பிறகு மூடிய சப்பாத்தும் தடித்த கையுறையும் இல்லாத பிள்ளையை நான் கரையில் இறக்குவதில்லை. கால்வாய்க்குள் யாரும் இறங்குவதே இல்லை. ஊசி, உடைந்த போத்தல் கண்டால் தொடாமல் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். தாய் தகப்பன் கையெழுத்து வேண்டும். வெயில் ஏறுமுன் எட்டரைக்குள் முடிக்க வேண்டும்.

இரண்டாம் தடவை போனபோது நான்கு பை மட்டும் நிரப்பினோம். ஒரு தறப்பாளை விரித்து, கொட்டி, உட்கார்ந்து எண்ணினோம். யோகட் கப், ஷாம்பூ பக்கட், லஞ்ச் ஷீட், ஒற்றைச் செருப்பு, மருந்துப் போத்தல் மூடி. மணலைச் சலித்த இடத்தில் அந்த வெள்ளை மணிகளும் வந்தன. எண்ணுவதற்கு மூன்று மணித்தியாலம் பிடித்தது. பிள்ளைகள் கேட்ட கேள்விகள் அங்கேதான் பிறந்தன. "டீச்சர், இதுல பாதி கடற்கரைக்கு வந்தவங்க போட்டதில்ல. வீட்டுக்குள்ள பாவிக்கிற சாமான். எப்படி இங்க வந்துச்சு?"

ஆறு கொண்டுவந்தது. காக்கைதீவுக்குப் பக்கத்தில்தான் களனி கங்கை கடலில் விழுகிறது. முகத்துவாரம் என்று ஊருக்குப் பெயர் வந்ததே அதனால்தான். கொழும்பின் கால்வாய்கள் பல இந்த ஆற்றுக்கு வருகின்றன. கான்கள் கால்வாய்களுக்கு வருகின்றன. எங்கள் முடுக்கின் பின்பக்கத்துக் கால்வாயில் விழும் பை, மழை பெய்த இரவில் கடலுக்குப் போய்விடும். மறுநாள் காற்று அதைக் கரைக்கு அனுப்பும். நாங்கள் பொறுக்கியது எங்களுடைய குப்பைதான்.

சரி, இதை ஊருக்குச் சொல்லுவோம் என்று பிள்ளைகள் கிளம்பினார்கள். பள்ளிக்கூடத்தில் பழகின பழக்கம், எல்லாரும் சுயசரிதை எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் ஒரு கடலாமை. நான் ஒரு பொலித்தீன் பை. நான்தான் களனித் தாய் பேசுகிறேன். அழகான தமிழ். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் முடுக்கு முனையில் த்ரீவீல் நிற்கிற இடத்தில் வாசித்தார்கள். பெற்றோர் கை தட்டினார்கள். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் தங்கள் வேலைக்குப் போனார்கள். ஆமை செத்தது பெரிய துயரம்தான். அந்தக் கப்பலுக்குப் பிறகு கரை ஒதுங்கிய ஆமைகளின் படங்களைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். ஆனால் தண்ணீர் பில்லும் பிள்ளையின் டியூஷன் காசும் தலையில் இருக்கிற தாய்க்கு, நாம் எழுதிய ஆமை தூரத்தில் இருந்தது.

அடுத்து நடந்ததை எழுதுவதற்கு எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

2023இன் தொடக்கத்தில் எங்கள் பிள்ளைகளில் ஒருவன் இரவு பத்து மணிக்கு மாடியில் இருந்து ஒரு வீடியோ எடுத்தான். வயதான ஒரு பெண், ஷொப்பிங் பேக் ஒன்றைத் தலைக்குமேல் சுழற்றிக் கால்வாய்க்குள் எறிகிறார். முகம் தெளிவாகத் தெரிந்தது. "எங்கள் ஊரை நாசமாக்குவது யார் என்று பாருங்கள்" என்று எழுதி ஃபேஸ்புக்கில் போட்டான். எங்கள் குழுவின் பக்கத்தில், என் சம்மதத்தோடு. அவன் காட்டியபோது நான் நல்ல விடயம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளில் ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். அதன் கீழே எழுதப்பட்டவற்றை இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். அவர் பேசுகிற மொழியையும் பிறந்த மலையையும் இழுத்து எழுதினார்கள்.

மூன்றாம் நாள் மாலை அந்த ஆச்சி என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. வாசலில் நின்று, "மகள், நான் வேலை செய்ற இடத்துல இதப் பாத்துட்டாங்க" என்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. பிறகு தண்ணீர் கேட்டார், வந்து உட்கார்ந்தார். நான் வீடியோவை அவர் முன்னாலேயே அழித்தேன். பகிர்ந்தவர்கள் கையில் இருப்பதை எப்படி அழிப்பது?

அவர் கோட்டைப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். ஊரான் வீட்டுக் குப்பையைப் பன்னிரண்டு மாடியிலிருந்து இறக்குபவர். நாலரைக்கு எழும்பி, ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கிறார். குப்பை வண்டி ஏழு மணிக்கு வருகிறது, அதுவும் முடுக்கு முனைக்கு மட்டும். இரவு ஒன்பதுக்கு வீடு வருகிறார். முனையில் பையை வைத்துவிட்டுப் போனால், நாய் கிழித்ததற்கு முனை வீட்டுக்காரர் ஏசுகிறார். வீட்டுக்குள் வைத்தால், ஒரே அறை, அதில் பேரப்பிள்ளை படுக்கிறது. "நான் வேணும்னா செய்றேன்? நீங்களே சொல்லுங்க, நான் எந்த நேரத்துல அதக் குடுக்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒன்றரை வருடமாகச் சூழலைப் பற்றிப் பேசினோம். முடுக்கில் யாருக்கு எத்தனை மணிக்குக் குப்பை போகிறது என்று ஒரு வீட்டிலும் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை, வீடியோ எடுத்தவனும் நானும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். எங்கள் பக்கத்திலும் மன்னிப்பு எழுதினோம், அவருடைய பெயரோ படமோ இல்லாமல். அந்தப் பையன் ஒரு மாதம் குழுவுக்கு வரவில்லை. பிறகு அவனே ஒரு கொப்பியோடு வந்தான். 43 வீடு. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கேள்வி கேட்டு எழுதியிருந்தான்: காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் போகிறீர்கள்? குப்பையை யார் கொண்டுபோகிறார்? வண்டி வராத நாளில் என்ன செய்கிறீர்கள்? 43இல் 19 வீடுகளில் ஏழு மணிக்கு ஆளே இல்லை.

அந்தக் கொப்பிதான் எங்களுக்குக் கதையையும் கொடுத்தது, கடிதத்தையும் கொடுத்தது.

கடிதத்தை முதலில் சொல்கிறேன், இளைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போகிறார்கள். நான்கு வாரம் தினமும் வண்டி வந்த நேரத்தை ஒரு பிள்ளை குறித்தது. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதாவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், என் பெயரில் விண்ணப்பம் போட்டேன். தமிழிலேயே எழுதினேன். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். "எங்கள் முடுக்கில் குப்பை சேகரிக்க அட்டவணை என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி. குறைகளை அதில் கொட்டாதீர்கள், பதில் சுற்றி வளைத்து வரும். எங்களுக்கு வந்த பதிலில், ஒன்றுவிட்ட ஒரு நாள் கைவண்டி ஒன்று முடுக்குக்குள் வருவதாக இருந்தது. அந்தக் கைவண்டியை முடுக்கில் ஒருவரும் கண்டதில்லை.

கோபப்பட்டு அதையும் ஃபேஸ்புக்கில் போடலாம் என்று பிள்ளைகள் துடித்தார்கள். நான் விடவில்லை. ஆச்சிக்குச் செய்ததை இன்னொரு ஆளுக்குச் செய்ய வேண்டாம் என்றேன். அட்டவணையின் பிரதி, நான்கு வாரக் குறிப்பு, 43 வீட்டுக் கணக்கு, 38 கையெழுத்து. தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. சிங்களப் பிரதியைப் பக்கத்து வீட்டுச் சிங்களத் தங்கச்சி, நாங்கள் நங்கி என்று கூப்பிடுபவள், எழுதித் தந்தாள், பிறகு குழுவிலேயே சேர்ந்துவிட்டாள். கேட்டது ஒன்றுதான்: கிழமையில் இரண்டு நாள், மாலை ஆறுக்குப் பிறகு, கைவண்டி உள்ளே வர வேண்டும். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டோம். அந்த முத்திரை இல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது "கடிதம் கிடைக்கவில்லை" என்பார்கள்.

ஏழு கிழமை ஆனது. ஒரு மேற்பார்வையாளர் வந்தார். நல்ல மனிதர். அவர் சொன்னதையும் பிள்ளைகள் பதிவு செய்தார்கள். உடைந்த பல்பையும் போத்தலையும் சோற்றுக் குப்பைக்குள் போட்டுக் கட்டித் தருகிறார்கள், தன் ஆட்களில் கை வெட்டுப்படாத ஆளே இல்லை என்றார். அன்று முதல் கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையால் எழுதிக் கொடுக்கிறோம். சின்ன விடயம்தான். ஆனால் கைவண்டி தள்ளுகிற அண்ணா எங்கள் பக்கம் வந்தது அதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

இனிக் கதை. ஆச்சி தன் நாளைச் சொன்னதை, அவருடைய அனுமதியோடு, பிள்ளைகள் நாடகமாக்கினார்கள். அனுமதி என்றால் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டோம்: பதிவு செய்யுமுன், எழுதி முடித்து வாசித்துக் காட்டிய பின், ஊர் முன்னால் போடுமுன். இரண்டாம் தடவையில் அவர் ஒரு பகுதியை வெட்டச் சொன்னார். அவருடைய மகனைப் பற்றியது. பிள்ளைகள் முகம் வாடியது, அதுதான் உருக்கமான இடம் என்றார்கள். உருக்கமான இடம்தான். ஆனாலும் வெட்டினோம். அடுத்தவருடைய வாழ்க்கையில் எதைத் திறந்து காட்டலாம் என்று முடிவெடுக்கும் உரிமை கதைசொல்லிக்கு இல்லை. இந்த வேலையில் நான் யாரோடும் விட்டுக்கொடுக்காத இடம் இது ஒன்றுதான்.

நாடகம் பன்னிரண்டு நிமிடம். சாமான் ஒரே ஒரு ஷொப்பிங் பேக். ஒலிபெருக்கி வைத்தால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும், அதனால் வைக்கவில்லை. சத்தம் போய்ச் சேரும் அளவுக்குத்தான் ஆட்களைக் கூட்டினோம். ஞாயிறு பின்னேரம் ஐந்தரை, டெலிட்ராமா தொடங்குவதற்கு முன். ஒரு பிள்ளை ஆச்சியாகத் தமிழில் பேசும், முனை வீட்டுக்காரியாக நங்கி சிங்களத்தில் ஏசுவாள். பை இரவு முழுக்கக் கையிலேயே இருக்கும். வைக்க இடம் இருக்காது. முடிவில் அந்தப் பையை நடுவில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள்.

அதன் பிறகு பிரசங்கம் இல்லை. ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: "உங்க வீட்டுக் குப்பை எத்தனை மணிக்குப் போகுது?" முதல் தடவை இதைக் கேட்டபோது நாற்பது நிமிடம் பேசினார்கள். ஒருவரையொருவர் குறை சொன்னார்கள், பிறகு கணக்குப் பார்த்தார்கள், பிறகு முனை வீட்டு ஐயா எழுந்து, தன் மதிலுக்குள் மூடிபோட்ட ஒரு பரல் வைக்கலாம், காலையில் போகிறவர்கள் அதற்குள் போட்டுவிட்டுப் போகட்டும் என்றார். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. இன்னொரு முடுக்கில் ஒரு தாய், 2017இல் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் டெங்கு வந்ததைச் சொன்னார். அந்த ஒரு வருடத்தில் நாட்டில் 186,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. யோகட் கப்பில் தேங்கும் ஒரு மூடித் தண்ணீர் நுளம்புக்குப் போதும். ஆமைக்கு அசையாத கூட்டம் இந்தத் தாய் பேசியபோது அசைந்தது. அன்று இரவே மூன்று வீட்டுப் பின்புறங்களைச் சேர்ந்து துப்புரவாக்கினார்கள்.

கைவண்டி கொண்டுபோன பிறகு பை எங்கே போகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். மீதொட்டமுல்லையைப் பற்றிச் சொன்னேன். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். கொழும்பின் குப்பையைக் கொட்டிக் கொட்டி எழும்பிய மலை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. 32 பேர் செத்தார்கள். பால்பொங்கி, பலகாரம் வைத்திருந்த வீடுகள் அவை. இந்தப் பிள்ளைகள் அப்போது சின்னவர்கள், பலருக்கு அது தெரியவே தெரியாது. இப்போது நகரத்தின் குப்பையில் ஒரு பகுதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெரவலப்பிட்டியில் எரிக்கப்பட்டு மின்சாரமாகிறது. ஆனால் கொழும்பு வீடுகளின் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. ஈரம் கூடினால் எரிப்பதும் கஷ்டம், புதைத்தால் நாற்றமும் வாயுவும். ஆகவே ஒரு வீடு செய்யக்கூடிய பெரிய வேலை சோற்றுக் குப்பையைத் தனியே வைப்பது. தோட்டமே இல்லாத ஒற்றை அறை வீட்டில் அதை எப்படிச் செய்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் நல்ல வழி இல்லை. துளையிட்ட வாளியில் தேங்காய்த் தும்பு போட்டு உரமாக்கிப் பார்த்தோம். ஏழு வீட்டில் தொடங்கினோம், புழு வந்தது என்று ஐந்து வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வீட்டில் நடக்கிறது, ஒரு வீட்டில் மிளகாய்க் கன்று காய்க்கிறது.

இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு அக்காவின் கதையையும் சொல்ல வேண்டும். 2023 ஒக்டோபர் முதலாம் திகதி ஒருதடவை பாவிக்கும் பிளாஸ்டிக் சாமான்கள் சிலவற்றுக்குத் தடை வந்தது: உறிஞ்சுகுழல், கரண்டி, பூமாலை, அதோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். அக்காவிடம் எண்பது தட்டு இருந்தது. "பிரம்புத் தட்டு நல்லதுதான், தங்கச்சி. எங்க அம்மா அதிலதான் அவிச்சாங்க. ஆனா மழை நாள்ல காயாது, பூஞ்சணம் புடிக்கும். எண்பதையும் ஒரேயடியா மாத்த எனக்குக் காசு எங்க?" தடை சரியானது. அக்காவின் கேள்வியும் சரியானது. இரண்டையும் ஒரே கதையில் வைக்கப் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கடைசியில் கதையை முடிக்காமலே, கூட்டத்தில் இருந்தவர்களிடம் அக்காவின் கேள்வியைக் கேட்டார்கள். பத்துப் பத்துத் தட்டாக மாற்ற, அவரிடம் வாங்கும் கடைக்காரர் ஒருவர் முற்பணம் கொடுத்தார்.

எல்லாம் இப்படி நன்றாக முடிந்ததாக நினைக்க வேண்டாம். மாலைக் கைவண்டி இரண்டு தடவை நின்றது, இரண்டு தடவையும் முத்திரைக் கடிதத்தோடு திரும்பப் போனோம். கால்வாயில் மேலிருந்து வருவது வந்துகொண்டேதான் இருக்கிறது, எங்கள் முடுக்கு மட்டும் திருந்தி ஆறு சுத்தமாகப் போவதில்லை. ஒரு முடுக்கில் எங்களை ஏசித் துரத்தினார்கள். ஓ.எல். வருடம் வந்ததும் பிள்ளைகள் போய்விடுவார்கள், அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பழக்கும்படி வைத்திருக்கிறோம். பெரிய பிள்ளை ஒன்றும் சின்னப் பிள்ளை ஒன்றும் சேர்ந்துதான் ஒரு பேட்டிக்குப் போக வேண்டும்.

2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தக் கப்பல் விவகாரத்தில் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்ட உத்தரவிட்டது. பிள்ளைகள் ஓடிப்போய் மீன்கார அக்காவிடம் சொன்னார்கள். அவர் கூடையை இறக்கி வைத்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அன்னைக்கு என்கிட்ட ஃபோன்ல கேட்டீங்களே, அந்தப் பேச்ச வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். வைத்திருந்தோம். பதினொரு பதிவும் திகதியோடு மூன்று இடத்தில் சேமித்திருக்கிறது. போட்டுக் காட்டினோம். தன்னுடைய நாலு வருடத்துக்கு முந்திய குரலை அவர் இரண்டு தடவை கேட்டார். யாராவது இந்த வேலையைத் தொடங்கினால், பதிவுகளுக்கு ஆள், இடம், திகதி எழுதி வையுங்கள். ஃபோன் தொலைந்தால் எல்லாம் போய்விடும்படி வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆச்சி இப்போது வேலையை விட்டுவிட்டார். சனிக்கிழமைகளில் எங்களோடு வந்து உட்காருவார். ஒரு நாள் பிள்ளைகள் களனி கங்கையின் படத்தைத் தரையில் சோக்கால் வரைந்துகொண்டிருந்தார்கள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனியாகிறது, அம்பத்தளையில் கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள், கடைசியில் முகத்துவாரம். ஆச்சி எழுந்து வந்து மஸ்கெலியா என்று எழுதியிருந்த இடத்தில் காலை வைத்தார். "இங்கதான் நான் பொறந்தேன். எங்க லயத்துக்குப் பின்னாடி ஓடின தண்ணி இது. பதிமூணு வயசுல வீட்டு வேலைக்கு இங்க கூட்டிட்டு வந்தாங்க." பழைய மஸ்கெலியாவின் மேல் இப்போது மவுசாக்கலை நீர்த்தேக்கம் இருப்பதையும், வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரிவதையும் சொன்னார். பிள்ளைகள் சோக்கைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்கள். நாற்பது, ஐம்பது வருடமாக அவர் அந்த ஆற்றின் மற்ற முனையில் குடியிருந்திருக்கிறார். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வருகிற டிசெம்பர் விடுமுறையில் மஸ்கெலியாவுக்குப் போவதாக இருக்கிறோம். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்குகிற நேரம், ஆற்றின் தலைப்பில் என்ன விழுகிறது என்று பார்க்க வேண்டும், அங்கே உள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பஸ் காசுக்குக் கிழமைக்கு ஐம்பது ரூபாய் வீதம் சேர்க்கிறோம். ஆச்சியும் வருகிறார். ஜன்னல் பக்கத்துச் சீட் தனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.